சந்தா ரசீதும் வாக்குச் சீட்டும்

அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் எந்த டெப்போவுக்குப் போனாலும் வாசலில் முதலில் கண்ணில் படுவது கொடிக்கம்பங்கள்தான். தி.மு.க.வின் தொ.மு.ச., அ.தி.மு.க.வின் அண்ணா தொழிற்சங்கம், சி.ஐ.டி.யு., ஏ.ஐ.டி.யு.சி., ஐ.என்.டி.யு.சி., எச்.எம்.எஸ்., பி.எம்.எஸ்., பாட்டாளி தொழிற்சங்கம் என்று வரிசையாக நிற்கும். கட்சி இரண்டாக உடைந்தால் கொஞ்ச நாளில் கம்பமும் இரண்டாகும். வெளியாள் ஒருவர் பார்த்தால், உள்ளே வேலை செய்பவர்கள் எல்லாரும் கட்சி கட்சியாகப் பிரிந்து கிடக்கிறார்கள் என்றுதான் நினைப்பார். தேர்தல் நேரத்தில் ஊருக்குள் கணக்குப் போடுபவர்களும் அப்படித்தான் போடுகிறார்கள்: இந்தச் சங்கத்தில் இத்தனை பேர், வீட்டுக்கு நாலு ஓட்டு, ஆகவே இந்தக் கட்சிக்கு இத்தனை. சந்தா நோட்டைக் கையில் வைத்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் கணக்கு தப்பு.

நான் 1990-இல் கண்டக்டராகச் சேர்ந்து 2024-இல் ஓய்வு பெற்றவன். தென் மாவட்டத்து டெப்போக்கள். எந்த ஊர் என்பது இங்கே வேண்டாம். டவுன் பஸ்ஸும் பார்த்தேன், மொபசலும் பார்த்தேன். அதில் பெரும்பகுதிக் காலம் சிவப்புக் கொடிச் சங்கம் ஒன்றுக்குக் கிளையில் சந்தா வசூலிப்பது என் வேலை. சம்பளத்தன்று ஷிப்ட் முடிந்து வருகிறவர்களை கேஷ் கவுன்டர் பக்கம் பிடிக்க வேண்டும். வண்டியில் டிக்கெட் கொடுப்பதைவிட இது சிரமம். பஸ்ஸில் ஏறியவன் எப்படியும் காசு கொடுத்துத்தான் ஆக வேண்டும். சங்கத்துக்கு அப்படி இல்லை.

ஏன் கட்ட வேண்டும் என்ற கேள்வியைப் புதிதாக வேலைக்கு வந்த ஒரு பையன் என்னிடம் நேராகவே கேட்டான். "அண்ணே, நீங்க போடுற ஒப்பந்தம் எனக்கும்தான் வரப்போகுது. அப்புறம் எதுக்கு மாசாமாசம் சந்தா?"

சட்டப்படி அவன் சொன்னது சரி. எங்கள் ஊதிய ஒப்பந்தம் அப்போது 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தின் 12(3) பிரிவில், தொழிலாளர் துறை அதிகாரி முன்னிலையில் போடப்பட்டு வந்தது. அப்படிப் போட்ட ஒப்பந்தம் 18(3) பிரிவின்படி எல்லாருக்கும் பொருந்தியது. சங்கத்தில் இருப்பவனுக்கும், இல்லாதவனுக்கும், ஒப்பந்தத்தை எதிர்த்து கேட்டில் நின்று கத்தியவனுக்கும், நாளைக்கு வேலைக்குச் சேரப்போகிறவனுக்கும் ஒரே சம்பளம்தான். ஆக, சம்பளத்துக்காக யாரும் சங்கத்தில் சேர வேண்டிய கட்டாயமே இல்லை.

பிறகு எதற்குச் சேர்கிறார்கள்? ஒப்பந்தத்தில் இல்லாத விஷயங்களுக்கு. எந்த ரூட், யாரோடு ட்யூட்டி, தீபாவளிக்கு லீவு கிடைக்குமா, சார்ஜ் மெமோ வந்தால் இன்கிரிமென்ட் வெட்டோடு முடியுமா, அடுத்த மாவட்டத்துக்குத் தூக்கி அடிப்பார்களா என்பதெல்லாம் எந்த ஒப்பந்தத்திலும் எழுதியிருக்காது. பிரான்ச் மேனேஜர் மேஜையில் முடிவாகிறவை இவை. அந்த மேஜைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்காரும் உரிமை நடைமுறையில் ஒரே சங்கத்துக்குத்தான் இருந்தது. அதற்கு நாங்கள் வைத்த பெயர் "ஆளுங்கட்சிச் சங்கம்". அது எந்தச் சங்கம் என்பது கோட்டையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

தேர்தல் முடிவு வரும் நாளை டெப்போவில் இருந்து பார்க்க வேண்டும். மதியம் இரண்டு மணிக்குள் யார் ஆட்சி என்று தெரிந்துவிடும். அதுவரை வண்டி ஏறாமல் "அதர் டியூட்டி" என்ற பெயரில் டெப்போவுக்குள்ளேயே வலம் வந்தவர் மறுநாள் காக்கிச் சட்டையை அயர்ன் பண்ணி மாட்டிக்கொண்டு டிக்கெட் பையோடு நிற்பார். ஐந்து வருஷம் மலை ரூட்டில் கிடந்து முதுகு போனவர் டைம் கீப்பர் அறையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். ஒரே வாரத்தில் உறுப்பினர் படிவங்கள் கட்டுக்கட்டாக இடம் மாறும். 1991, 1996, 2001, 2006, 2011 என்று ஒவ்வொரு தடவையும் இது நடந்தது. மாறியவர்கள் யாரும் ராத்திரியோடு ராத்திரியாகக் கொள்கை மாறியவர்கள் இல்லை.

2016-இல்தான் ஒரு வேடிக்கை. இந்தத் தடவையும் மாறிவிடும் என்று நம்பிய சிலர், முடிவு வருமுன்பே புதுக் கொடிக்குக் கீழே போய் நின்றுகொண்டார்கள். முந்திப் போனால் நல்ல ரூட் கிடைக்கும் என்ற கணக்கு. 1984-க்குப் பிறகு முதல்முறையாக ஆண்ட கட்சியே திரும்ப வந்துவிட்டது. அவர்கள் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. ஒருவர் பழைய சங்கத்துச் செயலாளர் வீட்டுக் கல்யாணத்தில் மூன்று நாள் பந்தி பரிமாறித்தான் பாவத்தைக் கழுவினார்.

அப்படித் தாவியவர்களை நான் ஒருகாலத்தில் கேவலமாகப் பேசியதுண்டு. பிறகு பேசவில்லை. எங்கள் சங்கத்தில் பல வருஷம் இருந்த டிரைவர் ஒருவர், ஆட்சி மாறிய மாதம் வந்து விலகல் கடிதத்தை நீட்டினார். "மச்சான், கோவிச்சுக்காதே. பொண்ணு ப்ளஸ் டூ படிக்கிறா. இந்த வருஷம் என்னைத் தூக்கி வெளியூர்ல போட்டா குடும்பம் தாங்காது. ஓட்டு எப்பவும் போல என் இஷ்டம்தான்." அவர் சொன்னதில் ஒளிவுமறைவே இல்லை. சந்தா நோட்டைப் படித்தால் அவரவர் கட்சி தெரியாது. அவரவருக்கு அந்த வருஷம் என்ன பயம் என்பது தெரியும்.

இவ்வளவு கொடிகள் ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒரு சங்கதி. 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டப்படி ஏழு பேர் கையெழுத்துப் போட்டால் சங்கத்தைப் பதிவு செய்துவிடலாம் என்று இருந்தது. 2001-இல் கொண்டுவந்த திருத்தம்தான் பத்துச் சதவீதம் அல்லது நூறு பேர் வேண்டும் என்று கொஞ்சம் இறுக்கியது. அதே சட்டத்தின் 16-ஆம் பிரிவு இன்னும் சுவாரசியமானது. சங்கம் அரசியல் காரியங்களுக்குப் பணம் திரட்ட வேண்டுமானால் அதற்குத் தனி நிதி வைக்க வேண்டும், அதற்குப் பணம் தரும்படி எந்த உறுப்பினரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, தராதவனை ஒதுக்கவும் கூடாது என்று அதில் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்திலேயே எழுதிவைத்த பிரிவு. சங்கத்தில் இருப்பது வேறு, கட்சிக்குக் காசு கொடுப்பது வேறு என்று சட்டம் பிரித்துவைத்த கோடு அது. நான் வேலை பார்த்த காலம் முழுக்க இந்தப் பிரிவை எந்த வாயிற்கூட்டத்திலும் யாரும் பேசிக் கேட்டதில்லை. மாநாட்டு நிதி உண்டியல் மட்டும் தவறாமல் வந்தது.

ஆளுங்கட்சிச் சங்கத்தில்தான் அனுகூலம் என்றால், எந்த ஆட்சியிலும் நாற்காலி கிடைக்காத எங்களிடம் யார் வந்தார்கள்? பெரும்பாலும் கேஸில் மாட்டியவர்கள். கண்டக்டர் வேலையில் பெரிய கண்டம் டிக்கெட் கேஸ். கூட்ட வண்டியில் இரண்டு பேருக்கு டிக்கெட் போடுமுன் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறிவிட்டால், நல்லவனும் கள்ளனும் ஒரே மெமோவில்தான் வருவார்கள். டிரைவருக்கு உயிர்ப்பலி விபத்து. சஸ்பென்ஷன், உள்விசாரணை, அதற்குப் பிறகு டிஸ்மிஸ். டிஸ்மிஸ் பண்ணினாலும் ஊதியப் பேச்சுவார்த்தை நிலுவையில் இருந்தால் தொழில் தகராறுச் சட்டத்தின் 33(2)(b) பிரிவின்படி தொழிலாளர் துறையிடம் ஒப்புதல் வாங்கியாக வேண்டியிருந்தது. எங்களுக்கு ஏதாவது ஒரு பேச்சுவார்த்தை எப்போதும் நிலுவையில் இருக்கும் என்பதால், எத்தனையோ பேருடைய சோறு அந்த ஒரு பிரிவில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்காகச் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்துக்கு ராத்திரி வண்டி ஏறி எத்தனையோ பேரோடு போயிருக்கிறேன். ஆட்சி ஐந்து வருஷத்தில் முடியும். லேபர் கோர்ட் கேஸ் முடியாது. ஆட்சியோடு சேர்ந்து ஆள் மாறாத சங்கம் ஒன்று அவனுக்குத் தேவைப்பட்டது. அதனால் வந்தான்.

வந்தவர்கள் எல்லாரும் அரிவாள் சுத்தியலில் குத்தினார்களா என்று கேட்டால் சிரிப்புத்தான் வரும். 2016 சட்டமன்றத் தேர்தலில் இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளுக்கும் தமிழ்நாட்டில் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. அந்த வருஷமும் எங்கள் கிளையில் சந்தா குறையவில்லை. எங்கள் உறுப்பினர்களில் பாதிப் பேர் சட்டைப்பையில் எம்.ஜி.ஆர். படம் வைத்திருந்தவர்கள், மீதியில் நிறையப் பேர் கலைஞர் பேச்சை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள். மேடையில் பேச வருகிற தலைவர்களுக்கு இது தெரியாது என்று நான் நினைக்கவில்லை. தெரிந்தும் ஏகாதிபத்தியத்தில் ஆரம்பித்து டயர் தட்டுப்பாட்டுக்கு வந்து சேர ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வார்கள். அதற்குள் பாதிப் பேர் டீக்கடைக்குப் போயிருப்பார்கள்.

அப்படியானால் சங்கம் ஆளை மாற்றவே இல்லையா? மாற்றியது, ஆனால் மேடைக்காரர்கள் எதிர்பார்த்த இடத்தில் இல்லை. ஒரு டிரைவரைச் சொல்கிறேன். விபத்துக் கேஸில் எங்களிடம் வந்தவர். ரத்தத்தின் ரத்தம் என்று சொல்லிக்கொள்பவர். கேஸ் முடிந்து வேலைக்குத் திரும்பிய பிறகும் எங்களோடே இருந்தார். 2003 ஜூலையில் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தபோது அவர் ஆதரித்த அ.தி.மு.க. அரசுதான் சுமார் 1.70 லட்சம் பேரை ஒரே மூச்சில் வேலையைவிட்டு நீக்கியது. அதை எதிர்த்து சி.ஐ.டி.யு.வின் டி.கே.ரங்கராஜன் போட்ட வழக்கில், அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமை மட்டுமல்ல, தார்மீக உரிமையும் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2003 ஆகஸ்ட் 6-இல் சொன்னது. தீர்ப்பு வந்த அன்று ரெஸ்ட் ரூமில் பேப்பரை அவர்தான் சத்தமாக வாசித்தார். வாசித்து முடித்துவிட்டு, "அம்மா பண்ணது தப்புதான். ஆனா ஓட்டு மாத்த மாட்டேன்" என்றார். மாற்றவும் இல்லை என்றே நம்புகிறேன். பதினைந்து வருஷம் கழித்து, 2018 ஜனவரியில், அவருடைய கட்சிச் சங்கம் வண்டியை எடுக்கச் சொன்னபோது அவர் எடுக்கவில்லை. அவ்வளவுதான் சங்கம் அவரிடம் செய்த வேலை. அது சின்ன வேலை என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்த 2003-க்கு மறுவருஷம் நாடாளுமன்றத் தேர்தல். தமிழ்நாட்டில் 39 தொகுதியிலும் அ.தி.மு.க. கூட்டணி தோற்றது. முடிவு வந்த மத்தியானம் கேன்டீனில் சந்தோஷத்தைக் காட்டிக்கொள்ளாமல் சந்தோஷப்பட்டவர்களில் பலர் ஆளுங்கட்சிச் சங்கத்துக்குச் சந்தா கட்டிக்கொண்டிருந்தவர்கள். ஓட்டுப்பெட்டி மறைவில் இருக்கிறது, சந்தா ரசீது எல்லார் கண்ணிலும் படுகிறது. ஒரே ஆள் இரண்டு இடத்திலும் இரண்டு மாதிரி நடப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டாம்.

சாதியைப் பற்றிப் பேசாமல் டெப்போவைப் பற்றிப் பேச முடியாது. சங்க வகுப்புகளில் எங்களுக்கு 1918-ஐச் சொல்லிக்கொடுப்பார்கள். பி.பி.வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார், இராமாஞ்சலு நாயுடு என்று பெயர்களை வரிசையாகச் சொல்லி, பின்னி கர்நாடிக் மில் தொழிலாளர்களால் எழுந்த சென்னைத் தொழிலாளர் சங்கத்தை இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்பார்கள். மூன்றே வருஷத்தில், 1921-இல், அதே மில்லின் வேலைநிறுத்தம் ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் ஒருபக்கம், மற்றவர்கள் ஒருபக்கம் என்று பிளந்து புளியந்தோப்பில் கலவரமானதை வகுப்பில் சொல்ல மாட்டார்கள். நானாகப் படித்துத் தெரிந்துகொண்டது அது.

எங்கள் காலத்துக் கதை 1997. அதுவரை ஒவ்வொரு கழகத்துக்கும் ஒரு பெயர் உண்டு: பல்லவன், பாண்டியன், சேரன், சோழன், கட்டபொம்மன், இராணி மங்கம்மாள். விருதுநகரில் புதிதாகத் தொடங்கிய கழகத்துக்கு தேவேந்திரகுலத்தைச் சேர்ந்த வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்ததும் தென் மாவட்டங்கள் சாதிக் கலவரத்தில் பற்றி எரிந்தன. கடைசியில் அரசு எல்லாக் கழகங்களின் பெயரையும் எடுத்துவிட்டது, மாவட்டங்களுக்கு இருந்த தலைவர்கள் பெயர் உட்பட. பஸ்களில் பெயின்ட் அடித்து மறைத்தோம். அந்த மாதங்களில் என் சந்தா நோட்டில் ஒரு பெயர்கூட மாறவில்லை. ரெஸ்ட் ரூமில் பாய்கள் மாறின. அதுவரை பக்கத்தில் படுத்துத் தூங்கியவர்கள் சுவரின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்ப் படுத்தார்கள். ஒரே சங்கம், ஒரே கொடி, ஒரே சந்தா. சங்கத்தில் இருப்பதால் மனசு விரியும் என்று பேசுகிறவர்களிடம் நான் அந்த ரெஸ்ட் ரூமைப் பற்றிச் சொல்வதுண்டு. பாய்கள் திரும்பப் பழைய இடத்துக்கு வர வெகுகாலம் ஆயிற்று, சில வரவே இல்லை.

2018-ஐயும் 2024-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எங்கள் தொழிலில் அரசியல் எப்படி வேலை செய்கிறது என்பது புரியும். 2018 ஜனவரி 4 சாயங்காலம் வேலைநிறுத்தம் வெடித்தது. ஊதியத்துக்கு 2.57 மடங்கு கேட்டோம். அரசு 2.44-க்கு அண்ணா தொழிற்சங்கத்தையும் வேறு சில சங்கங்களையும் வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டது. தொ.மு.ச.வும் சி.ஐ.டி.யு.வும் மற்றச் சங்கங்களும் வண்டியை நிறுத்தின. அண்ணா தொழிற்சங்கத்துக்காரர்களையும் தற்காலிக டிரைவர்களையும் வைத்து வண்டி ஓட்டினார்கள். எட்டு நாள். உயர் நீதிமன்றம் ஓய்வு பெற்ற நீதிபதி பத்மநாபனை நடுவராகப் போட்ட பிறகுதான் பொங்கலுக்கு வண்டி ஓடியது.

ஆறு வருஷம் கழித்து, ஆட்சி மாறிய பிறகு, 2024 ஜனவரி 9. மறுபடி பொங்கல் நேரம், மறுபடி ஊதிய ஒப்பந்தம், கூடவே ஓய்வு பெற்றவர்களுக்கு வராமல் கிடந்த அகவிலைப்படி. இந்தத் தடவை வண்டியை நிறுத்தியவர்கள் சி.ஐ.டி.யு.வும் அண்ணா தொழிற்சங்கமும். ஓட்டியவர்கள் தொ.மு.ச. 2018-இல் கேட்டில் என் தோளில் கைபோட்டு நின்றவர் 2024-இல் என்னைப் பார்க்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். 2018-இல் வெளியே போனவர் இப்போது என் பக்கத்தில் நின்று அவரைப் பார்த்துக் கோஷம் போட்டார். மறுநாளே உயர் நீதிமன்றத்தில் பேச்சாகி வேலைநிறுத்தம் 19-ஆம் தேதி வரை தள்ளிவைக்கப்பட்டது. இந்த இரண்டு தடவையும் ஒரே பக்கம் நின்றவை ஆட்சிக்கு வர வாய்ப்பில்லாத கட்சிகளின் சங்கங்கள் மட்டும்தான். இதில் சி.ஐ.டி.யு.வை வழிநடத்தும் மார்க்சிஸ்ட் கட்சி 2024-இல் ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சி. கட்சிக்காரர்கள் மேடையில் ஒன்றாக உட்கார்ந்திருக்க, நாங்கள் அவர்களுடைய அரசை எதிர்த்து வண்டியை நிறுத்தினோம். இதைக் கொள்கை உறுதி என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் உண்டு. நாற்காலி கிடைக்காதவனுக்கு எதிர்த்து நிற்பது சுலபம் என்று நான் சொல்வேன். எங்களிடம் இழப்பதற்கு "அதர் டியூட்டி"கூட இல்லை.

இந்த இரண்டு பக்கமும் சேராத மூன்றாவது கூட்டம் ஒன்று உண்டு. வேலைநிறுத்தம் அறிவித்ததும் மெடிக்கல் லீவுக்கு எழுதிக் கொடுப்பவர்கள். கட்சியையும் பகைக்காமல், கூட வேலை செய்பவனையும் பகைக்காமல், அந்தச் சில நாள் மட்டும் முதுகுவலியில் படுத்துவிடுவார்கள். இவர்களைக் கோழை என்று எல்லாச் சங்கமும் திட்டும். எனக்கு அவர்கள்மேல் ஒரு மரியாதை. வண்டி எடு என்று சொந்தக் கட்சியே சொல்லியும் எடுக்க மனசு வராததால்தானே முதுகு வலிக்கிறது?

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தனியார் தொழிற்சாலைகளில் நிலைமை வேறு மாதிரி. 2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிற்சாலையில் இளம் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளம் ஒருபக்கம் இருக்க, சி.ஐ.டி.யு.வின் கீழ் தாங்கள் தொடங்கிய சங்கத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பது முக்கியமான கோரிக்கை. 2025 ஜனவரியில் பதிவும் கிடைத்தது. அந்தப் பையன்களில் எத்தனை பேர் மார்க்சிஸ்ட் கட்சிக்கு ஓட்டுப் போட்டிருப்பார்கள்? மிகக் குறைவாகத்தான் இருக்க வேண்டும். அங்கே கோட்டையில் இருந்து கம்பெனி மேஜைக்கு நேராக ஓடும் கயிறு இல்லை. அதனால் ஆளுங்கட்சிச் சங்கத்தில் சேர்ந்தால் ஷிப்ட் மாறும் என்ற ஆசைக்கும் இடமில்லை. எங்களைப் போன்ற அரசுக் கழகங்களில்தான் முதலாளியும் ஆளுங்கட்சியும் ஒருவரே.

இப்போது நான் ஓய்வு பெற்றோர் நலச் சங்கத்தில் சந்தா வசூலிக்கிறேன். பழைய வேலை விடவில்லை. இங்கே எனக்கு ஆச்சரியம், ஆயுசு முழுக்க ஆளுங்கட்சிச் சங்கத்திலேயே இருந்தவர்கள் நிறையப் பேர் எங்கள் சங்கத்தில் வந்து சேர்ந்திருக்கிறார்கள். அகவிலைப்படிக்கு யார் கோர்ட்டுக்குப் போவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். இனிமேல் யாரும் அவர்களைத் தூக்கி வெளியூரில் போட முடியாது. டீக்கடையில் உட்கார்ந்து, எந்த வருஷம் யாருக்கு ஓட்டுப் போட்டோம் என்று அவர்கள் இப்போது வாய்விட்டுச் சொல்லும்போது, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை நோட்டில் பெயர்களை அடித்து எழுதியவனுக்கு நேரம் போவதே தெரிவதில்லை.

அவர்களில் ஒருவர் போன மாதம் ஒரு வருஷச் சந்தாவை மொத்தமாகக் கட்டினார். ரசீதை வாங்கி நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "நோட்டீஸ்ல மட்டும் என் பேரைப் போட்டுறாதீங்க அண்ணாச்சி" என்றார். அவர் மகன் இப்போது அதே டெப்போவில் டிரைவர். அவனுக்குச் சந்தா எங்கே என்று நான் கேட்கவில்லை.